தில்லியில் படிக்கும் பிள்ளைகளுக்கு: கையைக் கடிக்காத உடுப்பும் கைவேலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் என்ற முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். படிக்க வந்தவள், வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் என் வீட்டுக்கும் வந்து காபி குடித்துவிட்டு, ஊசி நூலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கல்லூரி திறக்கும் சமயத்தில் ஆண்டுதோறும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. கையில் இருக்கும் காசைக் குளிருக்கும் காலுக்கும் செலவழியுங்கள், அழகுக்கு வேண்டியதை ஊரிலிருந்து வந்த துணியிலும் உங்கள் விரலிலும் தேடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கீழே உள்ள பதில்களிலும் அதுவே திரும்பத் திரும்ப வரும்.

ஊரிலிருந்து என்னென்ன துணி எடுத்து வரலாம் அக்கா?

பருத்தி எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மே, ஜூனில் இங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும். அந்தச் சமயத்தில் பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் நிற்க முடியாது. உடுத்தியது போக பழைய நூல் சேலை இரண்டு, பழைய வேட்டி ஒன்று, துண்டு இரண்டு தனியாகக் கொண்டு வாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அப்பாவின் ஈரிழைத் துண்டு பெட்டியில் இடம் அடைக்காது. தலை துவட்டலாம், வெயிலில் முகத்தில் கட்டிக்கொள்ளலாம், ஈரத் துணியைச் சுருட்டியும் வைக்கலாம்.

ஸ்வெட்டர், ஜாக்கெட் எதுவும் ஊரில் வாங்காதீர்கள். நம் ஊர்க் கடையில் கிடைப்பது ஊட்டிக்கு இரண்டு நாள் போய் வருவதற்கானது.

அப்படியானால் குளிருக்கு எப்போது, எங்கே வாங்குவது?

நவம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் கடுமையான நாட்கள். இரவில் 4, 5 டிகிரி வரை இறங்கும், பகலிலும் பனிமூட்டத்தால் வெயில் எட்டிப் பார்க்காது. சுவரும் தரையும் சில்லிட்டுப் போகும். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுத்தான் நடக்க வேண்டும் என்பது நம்மவர்களுக்கு முதல் ஆண்டில் புரிவதில்லை.

ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட்டில் பணத்தைப் போட்டுவிட்டு உள்ளே மெல்லிய டி-ஷர்ட்டோடு நடுங்குகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுக்கடுக்காக உடுத்த வேண்டும். உடம்பை ஒட்டி ஒரு இன்னர் (குளிர் தாங்கும் தெர்மல் உள்ளுடுப்பு), அதன் மேல் பருத்திச் சட்டை அல்லது குர்தா, அதற்கு மேல் ஸ்வெட்டர், கடைசியாகக் காற்றைத் தடுக்கும் ஒரு ஜாக்கெட். சூட்டைப் பிடித்து வைப்பது இந்த அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான். இன்னர் இரண்டு செட், சாக்ஸ் நான்கு ஜோடி, காதை மூடும் தொப்பி ஒன்று. இவற்றைப் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் மலிவாக இருந்தால் பரவாயில்லை.

காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தின் அருகே மானஸ்ட்ரி மார்க்கெட் என்று திபெத்தியர்களின் கடைகள் உண்டு. ஜாக்கெட், ஸ்வெட்டர், பூட்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். விலையைக் குறைத்துக் கேட்கலாம். விடுதிக் கம்பளிக்குப் பானிபட் சரக்கே போதும். உலகெங்கிலிருந்தும் வரும் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, மறுபடி நூலாக்கி, பானிபட்டில் கம்பளியாக நெய்கிறார்கள். அதனால்தான் அந்த விலைக்குத் தர முடிகிறது. சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். உள்பக்கம் பழைய நூல் சேலை ஒன்றை நாலு ஓரமும் தைத்துவிட்டால் உறுத்தாது, துவைக்க வேண்டியதும் சேலையை மட்டும்தான். கொண்டு வரச் சொன்னேனே, முதல் சேலை இதற்குத்தான்.

சரோஜினி நகரில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எனக்கு இந்தி தெரியாது.

சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு மாலையில் போகவே போகாதீர்கள், மூச்சு முட்டும். வேலை நாளில் காலை 11 மணிக்கு மேல் போனால் குவியலை நிதானமாகப் புரட்டிப் பார்க்கலாம். மெட்ரோ பிங்க் லைனில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது.

அங்கே வருவதில் கணிசமான சரக்கு ஏற்றுமதியில் மிஞ்சியதும், சிறு குறையால் கழிக்கப்பட்டதும். ஆகவே ஒவ்வொன்றிலும் ஏதோ குறை இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். எந்தக் குறையை நாம் சரிசெய்யலாம் என்பதுதான் கேள்வி. பட்டன் இல்லையா, வாங்கலாம். ஓரத் தையல் பிரிந்திருக்கிறதா, வாங்கலாம். நீளம் அதிகமா, கட்டாயம் வாங்கலாம். ஜிப் வேலை செய்யவில்லை என்றால் மாற்றுவதற்கு ஆகும் கூலியைச் சேர்த்துப் பாருங்கள். அக்குளில் துணி நைந்திருந்தால், துணியின் நடுவே ஓட்டை இருந்தால், சாயம் திட்டுத்திட்டாக இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். ஸ்வெட்டரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் பூச்சி அரித்த ஓட்டைகள் ஊசிமுனை போலத் தெரியும்.

போட்டுப் பார்க்க இடம் இருக்காது. தையல் டேப் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு உங்கள் மார்பு, இடுப்பு, தோள், பேன்ட் நீளம் நான்கையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள். லேபிளில் உள்ள அளவு எந்த நாட்டுக்குத் தைத்ததோ, அதை நம்ப முடியாது.

இந்திக்கு மூன்று வாக்கியம் போதும். "கித்னே கா ஹை?" என்றால் விலை கேட்கிறீர்கள். "தோடா கம் கரோ, பைய்யா" என்றால் குறைக்கச் சொல்கிறீர்கள். "ரெஹ்னே தோ" என்றால் வேண்டாம் என்று நகர்கிறீர்கள். மூன்றாவதைச் சொல்லி நாலடி நடந்தால் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். 100, 150, 200 என்று ஒரே விலையைக் கூவி விற்கும் குவியல்களில் பேரம் கிடையாது. அங்கே சிரித்துக் கேட்டாலும் கத்திக் கேட்டாலும் அதே விலைதான்.

ஏற்கெனவே பிறர் உடுத்திய துணியை வாங்கலாமா? வீட்டில் அம்மா திட்டுவார்கள்.

வாங்கலாம். உள்ளாடை, சாக்ஸ், ஷூ தவிர. கொண்டுவந்ததும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் நாள் முழுக்கக் காயப் போட்டு, இஸ்திரி போடுங்கள். கம்பளியானால் வெந்நீர் கூடாது, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டினால் போதும். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டு வளர்ந்த வீடுகள்தானே நம்முடையவை. அம்மாவிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

அம்மாவின் பழைய சேலையை என்ன செய்யலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சேலை சுமார் ஐந்தரை மீட்டர். முழங்கால் வரை வரும் குர்தாவுக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் போதும். ஆக ஒரு சேலையில் இரண்டு குர்தா, அல்லது ஒரு குர்தாவும் ஒரு துப்பட்டாவும். வெட்டுமுன் சேலையை ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முழுக்கப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோடுகளில்தான் முதலில் நையும். அந்த இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, அவற்றைத் தவிர்த்து வெட்டச் சொல்ல வேண்டும். கொசுவம் வரும் பகுதி உள்ளே மடிந்து இருப்பதால் வெயில் படாமல் நிறம் பளிச்சென்று இருக்கும், முன்பக்கத்துக்கு அதை எடுங்கள். கரையைக் கீழ் ஓரத்துக்கும் கை முனைக்கும் வைத்தால் தனியாக லேஸ் வாங்க வேண்டியதில்லை. முந்தானையை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்த குர்தா ஒன்று என்னிடம் இருக்கிறது. எங்கே வாங்கினாய் என்று இன்றும் கேட்கிறார்கள்.

பழைய பட்டுச் சேலையை உடம்பைப் பிடிக்கிற மாதிரித் தைக்கவே கூடாது, தையல் ஓரத்தில் இழை விட்டுப் போகும். அதைத் துப்பட்டாவாக, சட்டைக்கு மேல் போடும் திறந்த கோட்டாக, மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்துப் பயன்படுத்துங்கள்.

முதல் ஆண்டில் அம்மாவின் சின்னாளபட்டிச் சேலையைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். வாயால் அளவு சொன்னேன், அவரும் தலையாட்டினார். வந்த குர்தாவில் தோள் குறுகி, கையை உயர்த்த முடியவில்லை. பிரித்துத் தைக்கவும் உள்ளே துணி விடவில்லை. அந்தச் சேலை திரும்பி வரப்போவதில்லை. அதற்குப் பிறகு நான் தர்ஜியிடம் போகும்போது எனக்குச் சரியாக இருக்கும் ஒரு குர்தாவை எடுத்துப் போகிறேன். "இதே நாப் (அளவு), இரண்டு பக்கமும் ஒரு இன்ச் உள்ளே விடுங்கள்" என்று சொல்லி, அவர் எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே கொடுக்கிறேன். கஞ்சி போட்ட நூல் சேலை முதல் துவைப்பில் சுருங்கும்.

தையல் மெஷின் இல்லை. கையால் என்ன செய்ய முடியும்?

மூன்று தையல் கற்றுக்கொள்ளுங்கள். ஓட்டுத் தையல் (ரன்னிங் ஸ்டிச்), பின் தையல் (பேக் ஸ்டிச்), ஹெம்மிங். ஓட்டுத் தையல் இழுப்புக்கு நிற்காது, தற்காலிகமாகப் பிடித்து வைக்கவும் அலங்காரத்துக்கும். பின் தையல் மெஷின் தையல் அளவுக்கு உறுதியானது, பிரிந்த பேன்ட்டை அதில்தான் தைக்க வேண்டும். ஹெம்மிங் ஓரத்தை மடித்து வெளியே தெரியாமல் தைப்பதற்கு. இந்த மூன்றும் ஒரு ஞாயிறு மதியத்தில் வந்துவிடும். பட்டன் தைக்கும்போது துணிக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். அடுத்த பட்டன் எப்போது விழும் என்ற கவலை இருக்காது.

நல்ல துணியில் ஓட்டை விழுந்தால் நீங்களே கை வைக்காதீர்கள். ரஃபூ செய்கிறவர்கள் தில்லியில் இன்னும் இருக்கிறார்கள். அதே துணியின் உள் ஓரத்திலிருந்து இழையை உருவி, ஓட்டையின் மேல் நெய்துவிடுவார்கள். அந்தக் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவாவது ஒருமுறை போங்கள்.

கல்லூரிக்குக் கொண்டு போக ஒரு பை செய்ய வேண்டும். எம்ப்ராய்டரி தெரியாது.

கோலம் தெரியுமா? தெரிந்தால் போதும்.

மஞ்சப்பை ஒன்றை எடுங்கள். கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்த பை எல்லார் வீட்டிலும் இருக்கும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே நான் தில்லி மெட்ரோவில் மஞ்சப்பையோடுதான் போய் வருகிறேன்.

எழுத்து இல்லாத பக்கத்தில் பென்சிலால் நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து மேல், கீழ், வலம், இடம் 3 சென்டிமீட்டர் தள்ளி நான்கு புள்ளி. இந்த 5 புள்ளிச் சிக்குக் கோலம் ஒரே இழையில் முடியும். எங்கே தொடங்கினாலும் எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். அதனால்தான் சங்கிலித் தையலுக்கு, அதாவது ஊசி வெளியே வந்த இடத்திலேயே மறுபடி குத்தி, நூல் வளையத்துக்குள் ஊசியை எடுத்து வளையம் வளையமாகத் தொடுக்கும் தையலுக்கு, இது இவ்வளவு பொருந்துகிறது. கோட்டின் நடுவே எங்கும் விட்டுவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. எம்ப்ராய்டரி நூல் 6 இழையாக வரும், அதில் 3 இழை பிரித்துக் கோத்துக்கொள்ளுங்கள். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு விழும். தீர்ந்தால் பின்பக்கம் முடிச்சிட்டு அதே வளையத்திலிருந்து தொடரலாம். முதலில் ஒரு தாளில் கோலத்தை நாலு முறை போட்டுக் கை பழகிய பிறகு துணியில் வரைந்தால் வளைவுகள் கோணாது. புள்ளிகளை வேறு நிறத்தில் முடிச்சுத் தையலாகப் போடலாம், அல்லது சின்னப் பட்டன்களாகத் தைத்துவிடலாம்.

மஞ்சள் துணியில் கருநீல நூல், அரக்கு நூல் இரண்டும் எடுப்பாக இருக்கும். வெள்ளை நூல் காணாமல் போகும். புத்தகம் சுமப்பதற்கு உள்ளே பழைய ஜீன்ஸ் துணியைக் கொடுத்து, கைப்பிடியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போலத் தையுங்கள். பை கிழிவதெல்லாம் அந்த இடத்தில்தான்.

விடுதி பக்கெட்டில் சாயம் போடலாமா?

போடலாம், ஆனால் முதலில் துணி பருத்திதானா என்று பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, திறந்த வெளியில், ஒரு தட்டுத் தண்ணீருக்கு மேலே பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் பாலியஸ்டர், சாயம் ஏறாது.

பாதுகாப்பாகத் தொடங்க டீத்தூள் நல்லது. பழைய வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட்டு, படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். படிகாரத்தை இங்கே 'ஃபிட்கரி' என்று கேட்க வேண்டும். பிறகு திக்கான டீ டிகாஷனில் போட்டு அரை மணி நேரம் சூட்டிலேயே புரட்டிக்கொண்டிருங்கள். அசையாமல் கிடந்தால் திட்டு விழும். சமைக்கும் பாத்திரத்தில் செய்யாதீர்கள். வெங்காயத் தோலைக் கொதிக்க வைத்தால் பொன்னிறம் வரும். விடுதி மெஸ்ஸில் கேட்டால் பை நிறையக் கொடுப்பார்கள். மஞ்சள் தூள் வேண்டாம். போட்ட அன்று கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டதும் வெளுத்துவிடும், பக்கத்துத் துணியிலும் ஒட்டும்.

இதிலேயே சுங்குடியும் செய்து பார்க்கலாம். மதுரையில் கைதேர்ந்தவர்கள் விரல்நகத்தால் துணியைக் கிள்ளிப் பிடித்து நூலால் கட்டுவார்கள். நமக்கு அந்தக் கை வராது. காய்ந்த பட்டாணியைத் துணிக்கு அடியில் வைத்து இறுக்கிக் கட்டுங்கள். சாயம் போட்டு, நன்றாகக் காய்ந்த பின் அவிழ்த்தால் கட்டின இடமெல்லாம் வெள்ளை வளையம். 50 முடிச்சுப் போட்டு முடிக்கும்போது விரல் வலிக்கும். ஒரு முழுச் சேலைக்கு எத்தனை ஆயிரம் முடிச்சு, அதைக் கட்டியவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அப்போது மனது போகும். ஊரில் சுங்குடி வாங்கும்போது பேரம் பேச எனக்கு வாய் வருவதில்லை.

பையன்களுக்கு ஒன்றுமே இல்லையா?

மேலே சொன்ன எல்லாமே பையன்களுக்கும்தான், தம்பி. ஊசிக்கு ஆண் பெண் தெரியாது, ஊரிலும் இங்கேயும் தையற்கடைகளில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். தனியாக ஒன்று வேண்டுமானால் இதோ: நாலு முழ வேட்டி ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், நல்ல அகலம், ஒல்லியானவர்களுக்கு ஒரு குட்டைக் குர்தா வந்துவிடும். எட்டு முழம் என்றால் தாராளம். கரையைப் பட்டன் பட்டியில் நேராக வரும்படி வைக்கச் சொல்லுங்கள். டீ நிறத்தில் சாயம் போட்ட வேட்டியில் இப்படித் தைத்து அப்பாவுக்குப் பொங்கலுக்கு அனுப்பினான் ஒரு பையன்.

மலிவான கம்மல் போட்டால் காது புண்ணாகிறது.

பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் நிக்கல்தான் காரணம். கொக்கியை மட்டும் நிக்கல் இல்லாத கொக்கியாக மாற்றுங்கள், ஒரு சின்னக் குறடு போதும். நிறமில்லாத நெயில் பாலிஷைத் தண்டில் பூசுவது கொஞ்ச நாள் தாங்கும், பிறகு மறுபடி பூச வேண்டும். ஏற்கெனவே புண் இருந்தால் ஆறும்வரை எதையும் போடாதீர்கள்.

பழைய பிளாஸ்டிக் வளையலில் பட்டு நூல் சுற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததே. 20 இழையைச் சேர்த்துத் தட்டையாகப் பிடித்துச் சுற்றினால் நெருக்கமாக வரும், பசையை வளையலின் உள்பக்கம் மட்டும் தொடுங்கள்.

இதற்கெல்லாம் பொருள் எங்கே கிடைக்கும்?

ஜரிகை, லேஸ், மணி, கண்ணாடி, குஞ்சம் எல்லாம் சாந்தினி சவுக்கில் தரீபா கலானிலிருந்து பிரியும் கினாரி பஜாரில். குறுகலான சந்து. இரண்டு பேர் சேர்ந்து போங்கள், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஞாயிறு மூடியிருக்கும். சில கடைகளில் மொத்தமாகத்தான் தருவார்கள், நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் ஆகும். தாள், அட்டை என்றால் சாவடி பஜார். தையல் நூலும் ஊசியும் உங்கள் பேட்டை மார்க்கெட்டிலேயே கிடைக்கும், அதற்காக அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

தேர்வுக்குப் படிக்கிறோம், நேரமே இல்லை. ஏதாவது சின்னதாக?

பழைய ராஜேந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கேட்பது இது. நோட்டு தைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு நோட்டுகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களை எட்டு எட்டாக மடித்து, மடிப்பில் மூன்று துளை போடுங்கள். நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே வந்து, மேல் துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே வந்து, நடுவில் உள்ளே நுழைந்து முடிச்சு. பத்து நிமிட வேலை. மேலட்டைக்குத் தினசரிக் காலண்டரின் அட்டை. சாமி படம் உள்ள பக்கத்தை உள்ளே மடிக்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். மனம் ஒப்பவில்லை என்றால் வேறு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுத்துவது?

தோள் சரியாக உட்காரும் வெளிர் நிறச் சட்டை, நீளம் சரிசெய்த பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. அல்லது இஸ்திரி போட்ட நூல் சேலை. புதிதாக வாங்குவதை விட, இருப்பதைத் தர்ஜியிடம் கொடுத்துப் பொருத்தமாக்குவது குறைந்த செலவு.

செய்ததை விற்கலாமா? தில்லி ஹாட்டில் கடை போட முடியுமா?

தில்லி ஹாட் என்பது ஐ.என்.ஏ. பகுதியில் 1994-ல் தொடங்கிய கைவினைச் சந்தை. அதன் கடைகள் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு, 15 நாள் முறையில் மாறி மாறி ஒதுக்கப்படுபவை. அது அவர்கள் வயிற்றுப்பாடு, நமக்கு வேண்டாம். கல்லூரி விழாக்களில் மேசை போடலாம். விலை வைக்கும்போது நூலுக்கும் துணிக்கும் ஆன செலவை மட்டும் கணக்குப் போடாதீர்கள், செலவான மணி நேரத்தையும் எழுதுங்கள். 6 மணி நேரம் தைத்த பையை 100 ரூபாய்க்குக் கொடுத்தால், அதையே தொழிலாகச் செய்யும் பெண்ணிடம் போய் "காலேஜ் பிள்ளைகள் நூறுக்குத் தருகிறார்களே" என்று கேட்பார்கள். அன்பளிப்பாகக் கொடுங்கள், இல்லையென்றால் உரிய விலைக்கு விற்றுவிடுங்கள்.

ஸ்வெட்டரை எப்படித் துவைப்பது? மார்ச்சில் ஊருக்குப் போகும்போது எங்கே வைப்பது?

பூந்திக்கொட்டையில் துவையுங்கள். இங்கே பன்சாரி கடையில் (மளிகை, நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடை) 'ரீட்டா' என்று கேட்டால் தருவார்கள். பத்துக் கொட்டையை உடைத்து இரவு ஊறவைத்து, காலையில் கசக்கி நுரையை வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் கலந்து முக்கி எடுக்கவும். பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் கட்டிலில் விரித்துக் காய வையுங்கள். தொங்கவிட்டால் அடுத்த ஆண்டு அது முழங்காலுக்கு வரும்.

நன்றாகக் காய்ந்த பின் பழைய வேட்டியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைக்கலாம். தில்லியில் வேப்பமரம் இல்லாத தெருவே இல்லை. படிப்பு முடிந்து ஒரேயடியாகக் கிளம்புகிறவர்கள் ஸ்வெட்டர், ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை), கம்பளி எல்லாவற்றையும் துவைத்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், மேல் பரணில் இடம் இருக்கிறது. அளவை ஒரு சீட்டில் எழுதிக் குத்தி வையுங்கள். நவம்பரில் புதுப் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.